அம்மா போட்ட அரைப்பேர்

போன வருடம் ஒரு மாதம் முழுக்க நானும் என் அம்மாவும் யார் யாருக்கு அதிகம் செய்கிறோம் என்று நிறுத்துப் பார்த்தோம். பேச்சுக்குச் சொல்லவில்லை. கிலோக் கணக்கில் நிறுத்தோம், எழுதி வைத்தோம், கழிவு போட்டோம், சண்டை பிடித்தோம். எனக்கு நாற்பத்தாறு வயது, பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணக்கு டீச்சர். அம்மாவுக்கு எழுபத்திரண்டு, லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். வயதுக்குத் தகுந்த புத்தி இரண்டு பேருக்கும் கிடையாது என்பது அந்த மாதத்தில் ஊருக்கே தெரிந்துபோனது.

எல்லாம் அம்மா விழுந்ததில்தான் தொடங்கியது. அம்மா குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலைத் தண்ணீர் வந்து கொட்டும் பீலி இருக்கிறது. குளிப்பது, துவைப்பது, குடம் நிரப்புவது எல்லாம் அங்கேதான். அங்கே படிந்திருந்த பாசியில் வழுக்கி, இடுப்பு அடிபட விழுந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் கழித்து அம்மாவைப் பார்க்கப் போகிற வழியில் லுணுகலை டவுனில் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் அக்கா என்னைக் கண்டு, "இடுப்புக்குத் தைலம் வாங்கிட்டியா?" என்றார். "யார் இடுப்புக்கு?" என்று கேட்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த ஒன்பது நாளும் சாயங்காலம் தவறாமல் நான் போன் பண்ணியிருந்தேன். ஒன்பது நாளும் அம்மா, "நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா" என்றுதான் சொன்னார். படுத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் கருவாட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு மலையேறினேன். அன்றைக்கு நான் ஏசிய ஏச்சில் பன்னிரண்டு காம்பராக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தனியாக இருந்தது போதும், பதுளைக்கு வந்து எங்களோடு இருக்க வேண்டும் என்றேன். வீட்டில் நானும் என் கணவரும்தான். மகள் கொழும்பில் படிக்கிறாள், அவள் அறை சும்மா கிடக்கிறது. "கிடந்தா கிடக்கட்டும், அறைக்கு என்னா பசிக்கவா போவுது" என்றார் அம்மா. அதன்பின் இரண்டு மாதம் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது இந்தப் பேச்சில் வந்து முட்டி நின்றது. எனக்கு உள்ளுக்குள் இருந்தது ஒரே ஒரு பயம். அடுத்த தடவை விழுந்தால் எத்தனை நாள் கழித்து, எந்தக் கடை வாசலில் நின்று அதைக் கேள்விப்படப் போகிறேன்? பயத்தைப் பயமாகச் சொல்லத் தெரியாமல் கோபமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் பழைய மாணவி ஒருத்தி தேடிக்கொண்டு வந்தாள். எட்டாம் வகுப்பில் பின்னம் ஏறவில்லை என்று மேசையில் தலைவைத்து அழுத பிள்ளை, இப்போது பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். வயதான பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் எவ்வளவு உதவுகிறார்கள் என்று அளக்க வேண்டுமாம். அதற்கு ஆறு பக்கத்தில் ஒரு படிவம் வைத்திருந்தாள். தாயும் பிள்ளையும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியக் கூடாது. "டீச்சர், நீங்களும் அம்மாவும் ஒரு சோடியா வருவீங்களா?" என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் செய்வதெல்லாம் எண்ணாகத் தாளில் ஏறப் போகிறது, அதை அம்மாவின் மூக்குக்கு முன்னால் நீட்டி, நடங்க பதுளைக்கு என்று சொல்லலாம் என்று மனக்கோட்டை கட்டினேன்.

என் பங்கை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அரை மணியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நேர்மையாகத்தான் எழுதினேன், மாதத்துக்கு எத்தனை தடவை பார்க்கப் போவீர்கள் என்ற இடத்தில் மூன்று நாலாக மாறியதைத் தவிர. அம்மாவிடமிருந்து உங்களுக்குக் கிடைக்கும் உதவி என்ன என்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. அதில் 'காய்கறி, சில வேளை' என்று எழுதி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அம்மாவும் அவளும் காம்பராவுக்குள் உட்கார்ந்தார்கள். நான் கேட்கக் கூடாது என்பதால் என்னை அடுத்த காம்பராவுக்கு, அக்காவிடம் அனுப்பினாள். பாவம், டவுனில் வளர்ந்த பிள்ளை. லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நிற்கும் சுவர் கூரை வரை போகாது என்பது அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் வெந்நீர் வைப்பார்கள். அக்கா எனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி தந்துவிட்டு, தானும் ஒரு கோப்பையோடு சுவரோரமாக வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"மகளுக்காக மாசத்துல எத்தன மணித்தியாலம் செலவழிப்பீங்கம்மா? சமைச்சு அனுப்புறது, சாமான் அனுப்புறது எல்லாத்தையும் சேர்த்து?"

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "முந்நூறு."

எனக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"முந்நூறுன்னா ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் வருதேம்மா," என்றாள் பிள்ளை மெதுவாக.

"நீ எழுது. கழிவு போக நூத்தம்பது நிக்கும்ல."

அக்கா தலையாட்டினார். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தராசு முள் காட்டுவது ஒன்று, புத்தகத்தில் ஏறுவது வேறொன்று. சாக்குக்கு இத்தனை கிலோ, ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். நாற்பது வருடம் அந்த வரிசையில் நின்று பழகியவருக்கு, பேனையும் தாளுமாக யார் வந்தாலும் கழிக்கத்தான் வந்திருக்கிறார்கள். ஆகவே அம்மா கழிவையும் சேர்த்தே நிறுத்துக் கொடுத்துவிட்டார்.

"நாங்க கழிக்கிறதில்லம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் அம்மா. "அடுத்ததக் கேளு."

"மகள் உங்களுக்கு என்னென்ன செய்வாங்க?"

"செய்வா. இல்லேன்னு சொன்னா வாய் அழுகிரும். மாசத்துல மூணு தரம் வருவா. மருந்து வாங்கியாருவா, கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவா. ஆனா எல்லாத்தையும் ஏசிக்கிட்டே செய்வா. அது ஈரக் கொழுந்து. தராசுல கனமா இருக்கும், காஞ்சா ஒண்ணும் நிக்காது. பாதி போட்டுக்க."

"பாதியா?" என்று நான் சுவருக்கு மேலாகக் கத்தியதில் அன்றைய ஆய்வு முடிந்தது. பிள்ளை திடுக்கிட்டுக் கூரையைப் பார்த்தாளாம். அம்மா மட்டும், "அவ அங்கதான் இருக்கான்னு எனக்குத் தெரியும்" என்று கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேர் சொன்னதும் ஒட்டவே இல்லை என்று தலையில் கைவைத்துக்கொண்ட பிள்ளை, வெற்றுப் படிவம் ஒன்றை எங்களிடம் விட்டுவிட்டு அடுத்த லயத்துக்குப் போய்விட்டாள்.

"அப்ப நிறுத்தே பாத்துருவோம்," என்றேன், கோபத்தில் என்ன சொல்கிறேன் என்று தெரியாமல். "ஒரு மாசம். யாரு கூடச் செய்றாங்களோ அவங்க சொல்றதுதான் நடக்கணும். நான் கூடன்னா நீங்க பதுளைக்கு வந்துரணும்."

"நான் கூடன்னா?"

"இங்கயே இருங்க. அதப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அம்மாவின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. நிறுப்பதற்கு மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும் என்றதும் அக்கா தானாகவே முன்வந்தார். ஐம்பது வயதாகியும் இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறவர், வாழ்க்கையில் ஒரு தடவையாவது தராசுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்து, நடுவில் கோடு கிழித்து, கணக்கப்பிள்ளையின் தோரணையில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

படிவத்தில் இருந்த ஒவ்வொரு உதவியையும் நான் வாசிக்க, அம்மா அதற்குக் கிலோ சொன்னார். கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வந்தால் நாலு. மூட்டை அனுப்பினால் இரண்டு. சமைத்துக் கொடுத்தால் ஒன்று. போன் பண்ணினால் கால். 'அறிவுரை வழங்குதல்' என்று ஒரு கட்டம் இருந்தது. கேட்காமல் வழங்கினால் ஒரு கிலோ கழிக்க வேண்டும் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். நானும் அம்மாவும் ஒரே குரலில் எதிர்த்தோம். 'மனம்விட்டுப் பேசும்போது செவிகொடுத்தல்' என்று இன்னொன்று. கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒரு கிலோ, பேசியவர் அழுதுவிட்டால் கேட்டவருக்கு இரண்டு என்று முடிவானது. கடைசியாக அம்மா ஒரு சட்டம் போட்டார். மலையில் அன்றைக்குக் குறித்த அளவு எடுத்தால் முழுப்பேர் விழும், குறைந்தால் பாதி வேலைக்கான அரைப்பேர்தான். அதேபோல ஏசிக்கொண்டு செய்த எதற்கும் அரைப்பேர். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அந்தச் சட்டம் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளைக் குறிவைத்துப் போடப்பட்டது என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு லுணுகலை பஸ் கண்டக்டரிடமிருந்து போன் வந்தது. பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு மூட்டை. போஞ்சி, மேரக்காய், கீரை. வாங்கிக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை மறுபடி ஒரு மூட்டை. புதன்கிழமை ஒரு முழுப் பலாக்காய். சேலை கட்டிக்கொண்டு, ஒரு கையில் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாளும் இடுப்பில் பலாக்காயுமாகக் காலைக் கூட்டத்துக்குள் நுழைந்த டீச்சர் பதுளையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆசிரியர் அறை காய்கறிச் சந்தையாகிவிட்டது. அதிபர் ஐயா கூட, "நாளைக்கு முருங்கைக்கீரை வருமா டீச்சர்?" என்று விசாரித்தார். அங்கே அக்காவின் கொப்பியில் அம்மாவின் பக்கம் ஒரே வாரத்தில் நிறைந்துபோனது.

நான் விடுவேனா? பாடசாலை விட்டதும் நேரே பஸ் ஏறினேன். கம்பளி, தைலம், சத்துமா எல்லாம் வாங்கிக்கொண்டு போய் இறங்கினேன். கதவைத் திறந்தால் காம்பரா முழுக்கப் புகை. நான் வாங்கிக் கொடுத்த காஸ் அடுப்பு மூலையில் துணி போர்த்திப் பத்திரமாக இருக்கிறது, அம்மா விறகை ஊதிக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் என்ன நடந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பக்கத்துச் சுவருக்கு மேலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"அரைப்பேர்."

அன்றிலிருந்து ஏசாமல் இருக்கப் பழகினேன். இது எவ்வளவு பெரிய பாடு என்று கோபக்காரர்களுக்குத்தான் தெரியும். கண்ணாடி முன் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பார்த்தேன். ஒரு நாள் போனில் தேன் ஒழுக, "அம்மா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன்.  அம்மா பதறிப்போய், "என்னாடி, உடம்புக்கு என்னா? மாப்பிள்ளகிட்ட போனைக் குடு" என்றார்.

இரண்டாவது வாரம் கிளினிக். நாலு கிலோவை விடக் கூடாது என்று அரைநாள் லீவு போட்டிருந்தேன். அன்று காலை ஆறரை மணிக்கே அம்மா எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். முதல் பஸ்ஸைப் பிடித்து, கையில் ஒரு சட்டி நிறைய மாசிச் சம்பலோடு வந்திருக்கிறார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் ரொட்டி சுட்டு, என் கணவருக்குக் கொடுத்து, பகல் சாப்பாட்டுக்குக் கறியும் அடுப்பில் ஏற்றிவிட்டார். இது போட்டி என்று தெரிந்தும் என் கணவர் நாலாவது ரொட்டியைக் கேட்டு வாங்கினார். அந்த மனிதரை அன்று நான் ஏசியது கணக்கில் வராது. சேலை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் ஆட்டோ பிடித்து ஓடிப்போய், மண்டபம் மண்டபமாகத் தேடி, தானே நம்பர் எடுத்து மருந்தும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்த அம்மாவைக் கிளினிக் வாசலில் மறித்தேன்.

"என் நாலு கிலோவ எங்க கொண்டுபோறீங்க?" என்று கேட்டேன்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அம்மாவின் பையைப் பார்த்தார்கள். அம்மா சிரித்த சிரிப்பில் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்தப் படியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தோம். அம்மா அவ்வளவு சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

மூன்றாவது வாரம்தான் கோமாளித்தனத்தின் உச்சம். மனம்விட்டுப் பேசினால் கேட்டவருக்குத்தான் கிலோ என்பதால் இரண்டு பேரும் மற்றவர் வாயைக் கிளறப் பார்த்தோம்.

"உங்களுக்கு ஏதாச்சும் கவலை இருக்காம்மா?"

"எனக்கென்னா கவல. உனக்கு?"

"எனக்கும் ஒண்ணுமில்ல."

"பாடசாலையில யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"இல்லையே. உங்களுக்கு முழங்கால் வலி எப்படி?"

"எந்த முழங்கால்?" என்றார் அம்மா.

இப்படிக் கால் மணி நேரம் பேசுவோம். இரண்டு பேருக்கும் உடம்பில் ஒரு நோவு இல்லை, மனதில் ஒரு குறை இல்லை. போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். இந்தப் போட்டி தொடங்குவதற்கு முன்னாலும் நாங்கள் இப்படியேதானே பேசிக்கொண்டிருந்தோம்? அந்த ஒன்பது நாளும் இதேதானே நடந்தது? அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் எனக்கு மனம் சரியில்லை.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை பகல் இடைவேளையில் அக்காவின் போன்.

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. ஆனா கொப்பி பிழையாப் போயிரும்ல, அதான் எடுத்தேன். மூணு நாளாக் காய்ச்சல். எந்திரிக்க முடியல."

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் மனதுக்குள் ஏசிக்கொண்டே போனேன். அக்காவுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. காம்பராவுக்குள் போனபோது கம்பளிக்குள் அம்மா சின்னதாகக் கிடந்தார். இவ்வளவு சின்னவராக இருப்பார் என்று எனக்குத் தெரியாது. தொண்டை வரை வந்திருந்த ஏச்சு அப்படியே நின்றுவிட்டது. ஆட்டோ வரவழைத்து லுணுகலை டவுனில் டாக்டரிடம் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை, வைரஸ் காய்ச்சல், படுத்துக் கிடக்க வேண்டும் என்றார். பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன்.

முதல் நாள் நான் விறகு எடுக்கப் பின்னால் போன நேரத்தில் அம்மா எழுந்து எனக்குத் தேத்தண்ணி வைக்கப் பார்த்தார். இரண்டாம் நாள் கஞ்சிக் கோப்பையை என் கையிலிருந்து பிடுங்கித் தானே குடிக்கிறேன் என்று நெஞ்சில் ஊற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் பிடுங்குவதற்குத் தெம்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். நான் ஊட்டினேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பகல் வெயிலில் வெந்நீர் சுமந்துபோய், பீலிக்கரையில் மறைப்புக் கட்டி, கல்லின் மேல் உட்காரவைத்தேன்.

"நானே ஊத்திக்கிறேன்," என்றார்.

"கை நடுங்குதே."

 அம்மா திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தலையில் தண்ணீர் ஊற்றும்போது உச்சியில் கைபட்டது. கூடைக் கயிறு நாற்பது வருடம் அழுத்திய இடம், ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லாமல் பள்ளமாக இருந்தது. என்னைப் படிக்க வைத்த பள்ளம் அது. நான் அழுதுவிட்டேன். சத்தம் வராமல்தான் அழுதேன், ஆனால் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அழுதா ரெண்டு கிலோ," என்றார் திரும்பாமலே. "எம் பக்கம் போடச் சொல்லு."

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி நிறுவை. அக்கா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கூட்டினார், நான் ஒருமுறை கூட்டினேன், என் மேல் நம்பிக்கை இல்லாமல் அக்கா மறுபடியும் கூட்டினார். அம்மா நூற்று முப்பத்தொன்று. நான் நூற்று நாற்பத்திரண்டு. அந்த ஐந்து நாள்தான் என்னைத் தூக்கிவிட்டிருந்தது, அந்த ஐந்து நாளில் ஒரு அரைப்பேர் கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"கணக்கு பிழை," என்றார் அம்மா.

"எங்கம்மா பிழை? மூணு தடவ கூட்டியாச்சு."

"இவ கஞ்சி ஊட்டினான்னு போட்டிருக்கு. குளிப்பாட்டினான்னு போட்டிருக்கு. சரி. அவ செய்யறதுக்கு நான் எடம் குடுத்தேனே, அது எங்க?"

"அது குடுக்கிறது இல்லம்மா, வாங்கிக்கிறது," என்றேன்.

"உனக்கு வாங்கிக்கிறதாத் தெரியுது." அம்மாவின் குரலில் விளையாட்டு இல்லை. "உன்னப் பெத்து ஏழாம் நாளு நானே பீலிக்குப் போயித் தண்ணி தூக்குனேன். உங்கப்பா இருந்தப்பக்கூடக் காய்ச்சல்னு படுத்து ஒருத்தர்கிட்டத் தண்ணி கேட்டதில்ல. விழுந்துட்டு உன்கிட்ட ஒம்பது நாளு மறைச்சேனே, அது எனக்கு லேசு. இந்தா, உன் கையில முதுகக் குடுத்துட்டு உக்காந்தேன் பாரு, அதுதான் எனக்கு ஏத்தம். ஏத்த மலையில எடுத்ததையும் சமதரையில எடுத்ததையும் ஒண்ணாவா நிறுப்ப? பதுளையில வந்து உக்காந்தா எல்லாத்தையும் நீதான் செய்வ. நான் யாருக்கு என்னாத்தச் செய்வேன்?"

  அக்கா காதிலிருந்து பென்சிலை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டு, அம்மாவின் பக்கத்தில் ஒரு வரி எழுதினார்.

"எத்தன போட்டீங்க?" என்று கேட்டேன்.

"இருவது."

"அக்கா, அது ரொம்ப..."

"நீ இனி வாயத் தொறக்கக் கூடாது," என்றார் அக்கா.

ஒன்பது கிலோவில் தோற்றேன். அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, பெருமையாகக் கூட இருந்தது. ஆனால் பயம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அம்மா அங்கேதான் இருக்கப் போகிறார், அந்தப் பாசி அங்கேதான் இருக்கப் போகிறது. மாணவிக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். அவள் நெடுநேரம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "டீச்சர், இத எந்தக் கட்டத்துல போடுறது?" என்றாள். 

வாக்குக் கொடுத்தபடி மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. நாக்கு புண்ணாகிப் போனது. மூட்டைகள் மட்டும் வாரத்துக்கு இரண்டாகக் குறைந்து வந்துகொண்டிருந்தன, அதிபர் ஐயாவுக்கு அதில் சிறு வருத்தம்.

ஒரு வியாழக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பார்த்தால் அம்மா. பாடசாலை நேரத்தில் அம்மா ஒரு நாளும் போன் பண்ணியதில்லை. வகுப்புக்கு வெளியே ஓடிவந்து எடுத்தேன்.

"நான்தான். பீலிக்கரையில வழுக்கிருச்சு."

"எப்பம்மா?"

"இப்பத்தான். எலும்பு ஒண்ணும் முறியல. எந்திரிச்சு வந்து வாசல்ல உக்காந்துட்டேன். கால் வீங்குது. அக்கா மலைக்குப் போயிருச்சு, இன்னும் யாருக்கும் தெரியாது."

பாசியைச் சுரண்டச் சொன்னது, ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடச் சொன்னது, குடத்தைப் பாதிதான் நிரப்ப வேண்டும் என்று சொன்னது எல்லாம் வரிசையாக வாய்க்கு வந்தன. விழுங்கினேன்.

"வலிக்குதாம்மா?"

 இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு பதிலை நான் பிறந்ததிலிருந்து அவர் வாயால் கேட்டதில்லை.

"வலிக்குது," என்றார். "நீ வா."

பிள்ளைகளை அடுத்த வகுப்பு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, கரும்பலகையில் எழுதிய சோக்கட்டி கையோடு ஓடிப்போய்ப் பத்தரை பஸ்ஸைப் பிடித்தேன். சீட் கிடைக்கவில்லை, பாதி வழியில் இருக்கும் பசறை வரை கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் போனேன். வீங்கிய ஒரு காலைப் பார்க்க யாரும் அவ்வளவு சந்தோஷமாகப் போயிருக்க மாட்டார்கள்.